கும்மிருட்டக்காவின் கறுப்பு

பட்டப்பகலில் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டு, ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்பை நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறார் அக்கா. வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு ஏற்கெனவே போயாயிற்று. ஏசியின் எண்களும் போயாயிற்று. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி மின்னுகிறது என்று அதையே கழற்றி, வீட்டுக்கார அம்மாவின் கையில் கைக்குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டார். "கண்ணச் சிமிட்டிக்கிட்டு இருக்கிற அத்தனை பேரையும் தூங்க வச்சாத்தாம்மா நம்ம ஆளு முழிப்பான்" என்று விளக்கம் வேறு.

நம்ம ஆள் என்பது புரொஜெக்டர். அலுவலகக் கூட்டங்களில் மேஜை மேல் வைத்துப் படம் காட்டும் சின்னப் பெட்டி இல்லை. ஒற்றை ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம், முன்னால் உருண்டைக் கண்ணாக லென்ஸ், உள்ளே லேசர். வீட்டுக்குள்ளேயே தியேட்டர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மாதக்கணக்கில் யோசித்து, சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிவிடுகிற ரகம். அதைக் கூரையில் மாட்டுவது கடையின் மற்ற ஆட்களின் வேலை. மாட்டிய பிறகு அதற்கு ஒழுங்காகப் படம் காட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் அக்காவின் வேலை. ஸ்டாண்டில் ஒரு அளவுக் கருவியை நிறுத்தி, அதைத் திரையைப் பார்க்க விட்டு, சிவப்பு கொஞ்சம் தூக்கல், பச்சை கொஞ்சம் மட்டம் என்று முணுமுணுத்தபடி அரை நாள் திருத்துவார். இந்த அரை நாளில் காபி கொடுத்தால் ஆறிப்போகும், பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

கடையில் எல்லோரும் அவரைக் கும்மிருட்டக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் காலடி வைத்த வீட்டில் உச்சி வெயிலிலும் கும்மிருட்டு ஆகிவிடும் என்பதால் வந்த பேர். அதில் அவருக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட், கறுப்புச் செருப்பு. வேலை தொடங்குமுன் கைக்கடிகாரமும் கம்மலும் பைக்குள் போய்விடும். ஏன் என்று கேட்டால் போதும், கண் விரியும். "நீங்க வெள்ளச் சட்டை போட்டு உக்காந்தா திரையில இருந்து வர்ற வெளிச்சம் உங்க மேல பட்டு, திரும்ப அங்கயே போய் விழும் சார். அப்புறம் கறுப்பு எங்க இருந்து வரும்? சாம்பல்தான் வரும்!" சாம்பல் என்ற சொல்லை அவர் சொல்லும்போது உதடு கோணிக்கொள்ளும். சமையல்காரர் வாயில் 'உப்பு இல்லை' என்பதைப்போல.

கறுப்புதான் அவருடைய கட்சி, கொள்கை, எல்லாம். "வெளிச்சம் காட்டுறதுக்கு எதுக்கு சார் புரொஜெக்டர்? பல்பு போதுமே! கறுப்பக் காட்டணும். அதுதான் கெத்து." சுவரும் திரையும் தெரியாமல் கலந்து, அறையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்கு ஒரு கறுப்பு வந்துவிட்டால், "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று இருட்டுக்குள் அக்காவின் குரல் மட்டும் துள்ளும். உடனே டார்ச்சைப் போட்டுத் தன் கையைக் காட்டுவார். "பாருங்க, மயிர்க்கூச்செறியுது." பார்த்தால் நிஜமாகவே மயிர் நட்டுக்கொண்டு நிற்கும்.

சாமர்த்தியத்துக்கும் குறைச்சல் இல்லை. தியேட்டர் அறைக்குச் சுவர் கறுப்பாக இருந்தால் நல்லது. ஆனால் கறுப்புப் பெயிண்ட் என்று சொன்னால் எந்த வீட்டிலும் கணவனும் மனைவியும் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்கள். ஆகவே அக்கா அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. "ராத்திரி வானம் கலர் அடிச்சுரலாங்களா?" என்பார். கேட்கிறவர்களுக்கு நிலாவும் நட்சத்திரமும் நினைவுக்கு வந்து, தலையாட்டிவிடுகிறார்கள்.

அவர் சொந்த வீட்டுக் கதை வேறு. அங்கே ஒரு பழைய டிவி. கணவருக்கு டியூப்லைட் எரிந்தால்தான் டிவியில் என்ன பேசுகிறார்கள் என்பதே காதில் விழுமாம். ஒருநாள் அக்கா எழுந்து போய் விளக்கை அணைத்தார். "ஏன், கரன்ட் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே கணவர் மெழுகுவர்த்தி தேடப் போய்விட்டார். அன்றோடு அக்கா அந்த முயற்சியைக் கைவிட்டார்.

இவ்வளவு கெட்டிக்காரரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. "படம் இருட்டா இருக்கே, கொஞ்சம் வெளிச்சம் ஏத்துங்க" என்று எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் விரல் ரிமோட்டின் பக்கமே போகாது. "படமே அப்படித்தான் எடுத்திருக்காங்க சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்துவிடுவார். அதற்கு மேல் யாராலும் வாதாட முடியாது. எடுத்தவரையா கூட்டி வந்து கேட்க முடியும்?

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அதுவும் முடிந்தது.

அது அச்சக முதலாளி ஒருவரின் வீடு. மையோடும் காகிதத்தோடும் ஆயுள் முழுக்கப் புழங்கிய மனிதர். கறுப்பில் எத்தனை வகை என்று அவர் ஆரம்பிக்க, அக்கா எதிர்க்கணை விட, இரண்டு பேரும் முதல் பத்து நிமிடத்திலேயே பங்காளிகள்போல் சண்டை பிடித்துச் சினேகமாகிவிட்டார்கள். டேப் ஒட்டும்போது வீட்டுக்கார அம்மாதான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய ஒரே மகள் சினிமாவில் ஒளிப்பதிவாளர். முதன்முதலாகத் தனியாக ஒளிப்பதிவு செய்த படம் வெளியானபோது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். தியேட்டருக்குப் போக முடியவில்லை. பிறகு வீட்டு டிவியில் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டார்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வச்சிருக்கலாம்ல? 'அந்த ஒரு இருட்டு சீன்ல மட்டும் ஒண்ணுமே தெரியல கண்ணு, ஒரு லைட்டப் போட்டிருக்கலாமே'ன்னு சொல்லிட்டாரு. அவ 'சரிப்பா'ன்னா. அவ்வளவுதான். அன்னிலேருந்து போன் பண்றா, மருந்து சாப்பிட்டீங்களான்னு கேக்குறா, படத்தப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசறதில்ல. இவரு டிவி மேலதான் தப்புன்னு சொல்லி இதை வாங்கிட்டாரு. அவ இன்னிக்குச் சாயங்காலம் வர்றா. நல்லாத் தெரியும்ல?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தையே எடுத்த பெண்ணுக்குத் தன் கறுப்பைக் காட்டப்போகிறோம்! அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அம்மா, இருட்டு சீன் எங்கிட்ட விட்டுடுங்க. இருட்டுன்னா நான்தாம்மா!"

அன்று அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். திரைக்கு முன்னால் போட்டிருந்த வெளிர்நிற விரிப்பைச் சுருட்டி வெளியே தள்ளினார். ஜன்னல் திரைச்சீலையின் ஓரங்களைச் சுவரோடு சேர்த்து ஒட்டினார். படம் இருண்டால் லேசரும் தன்னைத்தானே குறைத்துக்கொள்கிற ஒரு வசதி அந்தப் புரொஜெக்டரில் உண்டு. கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும். அதை எட்டின மட்டும் ஏற்றி வைத்தார். பிறகு சோதனைப் படத்தைப் போட்டார். ஒரு முனையில் பளீரென்ற வெள்ளை, மறுமுனையில் அட்டக்கறுப்பு, நடுவே கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டே போகிற பட்டைகள். கடைசிப் பட்டைவரை தனித்தனியாகத் தெரிந்தது. "வந்துட்டான்!" அச்சக முதலாளியும் சேர்ந்து கத்தினார், "வந்துட்டான்!" எல்லாவற்றையும் புரொஜெக்டரின் நினைவில் பதிந்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இதுதான் தன்னுடைய மிகச் சிறந்த கறுப்பு என்று அக்கா கடைக்குப் போன் போட்டே சொன்னார்.

சாயங்காலம் மகள் வந்தாள். தோளில் பை, கழுத்தில் துண்டு, பயணக் களைப்பு. கூரையில் தொங்கியதைப் பார்த்ததும், "என்னப்பா இது, எதுக்கு இவ்வளவு பெரிசு?" என்றாள். "சும்மாதான்" என்றார் அப்பா. சும்மா இல்லை என்பது அவர் போட்டிருந்த சலவைச் சட்டையிலேயே தெரிந்தது. அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து அக்கா பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். தியேட்டரில் ஓடிய தரத்திலேயே படத்தின் பிரதி மகளிடம் இருந்தது. அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அதைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

படம் ஓடியது. மழைக் காட்சியில் துளித்துளியாகத் தெரிந்தது. ஒரு பெண்ணின் பச்சைச் சேலை அச்சு அசலாக வந்தது. "இந்தப் பச்சைக்கு நான் என்ன பாடுபட்டேன் தெரியுமாம்மா!" என்று மகள் சோபாவின் நுனிக்கே வந்துவிட்டாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. கதாநாயகி வேலை முடிந்து நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள், விளக்குப் போடாமல் அறையைக் கடந்து போகிறாள். திரை முழுக்கக் கறுப்பு. அக்கா கனவு கண்ட கறுப்பு. சுவர் எது, திரை எது என்று தெரியாத கறுப்பு. செருப்புச் சத்தம் மட்டும் அறைக்குள் நடந்து போய் மறைந்தது.

"பிரமாதம் கண்ணு!" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. "இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

மகள் சோபா நுனியிலிருந்து மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

அக்காவுக்கு மனிதர் பொய் சொல்கிறார் என்று இருட்டிலேயே புரிந்துவிட்டது. 'படமே அப்படித்தான் எடுத்திருக்காங்க' என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எடுத்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். படத்தை நிறுத்தினார்.

"ஏம்மா, அந்த ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்கணும்கா" என்றாள் மகள். "வலது பக்க மூலையில."

அக்கா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "ஐயோ, நான் மடச்சி! தப்பு உங்க படத்து மேல இல்லம்மா. அன்னிக்கு டிவி மேல, இன்னிக்கு என் மேல. என் சோதனைப் படத்துல ஒரு ஓரமா வெள்ளை இருந்துச்சு, அதனால லேசர் அடங்கல. உங்க சீன்ல பொட்டு வெள்ளை இல்ல. மொத்தமா அடங்கி, உள்ள இருந்த ஆளையும் சேத்து முழுங்கிருச்சு. கறுப்பு கறுப்புன்னு அலைஞ்சேன்ல, எனக்கு வேணும்."

ரிமோட்டை எடுத்தார். மிகச் சிறந்த கறுப்பை அவரே தன் கையால் கீழே இறக்கினார். லேசரைக் குறைக்கும் வசதியை முழுக்க அணைத்தார். திரையில் அவருக்குப் பிடிக்காத அந்தச் சாம்பல் பூச்சு லேசாக ஏறியது. ஒரு நொடி கை நின்றது. பிறகு இருட்டின் அடிமட்டத்தை இன்னும் ஒரு படி தூக்கினார். "போதுமா பாருங்கம்மா."

"இன்னும் ஒண்ணு... அவ்வளவுதான்கா. அவ்வளவுதான்!" மகள் எழுந்தே நின்றுவிட்டாள். "முதல்ல இருந்து போடுங்க!"

கதவு சாத்தும் சத்தம். பெண் நடந்து வருகிறாள். இப்போது மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலியில் மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒருவர். கண் திறந்தே இருக்கிறது. எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறதோ. பெண் கிட்டே வர வர அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தூங்குவதுபோலக் கிடக்கிறார். அவள் தாண்டிப் போனதும் கண் மறுபடி திறக்கிறது. ஒரு பெருமூச்சு. எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறார்.

"நீ..." என்றார் அப்பா. மகளின் பக்கம் திரும்பினார். "நான் தூங்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தினமும் தெரியும்பா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க தூங்குற மாதிரி நடிச்சீங்க. நான் பாக்காத மாதிரி நடிச்சேன்" என்றாள் மகள். "அதான் டைரக்டர்கிட்டச் சொல்லி எடுத்து வச்சேன். நீங்க லைட்டப் போட்டிருக்கலாமேன்னுட்டீங்க."

அம்மாதான் முதலில் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உள் ரூம்ல படுத்திருந்த எனக்கும்தான் தெரியும். என்னை ஒருத்தரும் படம் எடுக்கல." அப்பா சிரித்தார், மகள் சிரித்தாள். "இன்னொரு தடவை போடும்மா, இன்னொரு தடவை!" என்று அப்பா சோபாவின் கைப்பிடியைத் தட்டினார். போட்டார்கள். மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் அந்த மனிதர் கண்ணை மூடுகிற இடத்தில், "பார்றா, பார்றா, திருட்டுப்பய!" என்று தன்னையே திட்டிக்கொண்டு அவர் குதூகலித்தார்.

ஒருவழியாக முழுப்படமும் ஓடி முடிந்து, பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன. மூன்று பேரும் மகளின் பெயருக்காகக் காத்திருக்கையில், அக்கா ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்த, திரையின் கீழ் ஓரத்தில் புரொஜெக்டரின் ஒரு சின்னக் கேள்வி வந்து நின்றது: முன்பு பதிந்த அளவுகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இப்போதைய அளவுகளைப் பதியவா? சுவரோரமாக உட்கார்ந்திருந்த அக்கா, திரையைக்கூடப் பார்க்காமல் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்தபடி, கட்டைவிரலால் 'ஆம்' என்பதை அழுத்தினார்.