டோலக் துரைக்கண்ணு வீட்டுக் கல்யாணம்

செஞ்சியில் டோலக் துரைக்கண்ணுவை முகம் பார்த்து அடையாளம் தெரியாதவர்கள்கூட அவர் வாசிப்பைக் கேட்டால் தெரிந்துகொள்வார்கள். பகலில் நெல் மண்டியில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் ஆளே வேறு. அதிகம் பேச மாட்டார். மண்டியில் யாராவது வம்புக்கு இழுத்தாலும் "ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். எங்களுக்குள் எப்படி ஒத்துப்போகிறது என்று கடைத்தெருவில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

நான் விநாயகம், பாத்திரக்கடைக்காரன். ஆர்மோனியம் வாசிப்பேன். தையல்காரன் ஜெயராமன் பாடுவான். நாங்கள் மூவரும்தான் கோட்டை இன்னிசைக் குழு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய் சினிமாப் பாட்டுக் கச்சேரி செய்வோம். தையல் மெஷினில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜெயராமனைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்ததே துரைக்கண்ணுதான்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் யார் வீட்டு விசேஷமானாலும் முதல் பாட்டில் அந்த வீட்டுக்காரன் இருந்தாக வேண்டும். என் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக நான் ஆர்மோனியம் வாசித்தேன். பெண் வீட்டார் முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். தன் மகனுக்குக் காதுகுத்தும்போது, குழந்தை மடியில் வீறிட்டு அழ, ஜெயராமன் பாடினான். துரைக்கண்ணுவின் முறை மட்டும் வராமலே இருந்தது. அவருக்கு ஒரே மகள், விருத்தாம்பாள். அவள் கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை.

மேல்மலையனூர் தேர்த் திருவிழாவில் பாடியபோது பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒருவர் ஜெயராமனைத் தனியாக அழைத்துப் பேசினார். அவரிடம் அக்கார்டியன், பாங்கோஸ் மேளம் எல்லாம் வைத்த பெரிய குழு இருந்தது. பாட ஆள்தான் வேண்டியிருந்தது. முதலில் ஒன்றிரண்டு கச்சேரிக்குப் போய்வந்தான். பிறகு எங்களுக்கு நேரம் கிடைக்கும்போது வந்தான். பிறகு 'செஞ்சி ஜெயராமன் பாடுகிறார்' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் வந்தது. ஊர் பேரை எடுத்துக்கொண்டவனுக்கு ஊர் ஆட்கள் பேர் மறந்துவிட்டது.

தளவானூர் ராஜாராம் என்று ஒருவரைப் பிடித்தோம். நல்ல குரல்தான், ஆனால் கீழ்ச் சுருதிக்காரர். மேல்சித்தாமூர்க் கல்யாணத்தில் என் விரல் பழக்க தோஷத்தில் ஜெயராமனின் சுருதிக்கே போய்விட்டது. எட்டிப் பிடிக்க முடியாமல் ராஜாராமின் குரல் உடைந்து, பந்தலே சிரித்தது. மனுஷன் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். நான் ஜெயராமனைத் திட்டித் தீர்த்தேன்.

"அவன் சுருதி உன் கைல ஒட்டிகிச்சி தம்பி, இன்னா பண்ணுவ," என்றார் துரைக்கண்ணு, டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே.

அறுபத்தேழு தை மாசம் விருத்தாம்பாளுக்குக் கல்யாணம் கூடியது. ஜெயராமனைத் தேடிப் போனோம். துரைக்கண்ணுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"இன்னாண்ணா, நம்ம பாப்பா கல்யாணத்துக்கு வேற எவன் பாடுவான்? நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. எல்லாம் நான் பாத்துக்குறேன்."

துரைக்கண்ணு டோலக்குக்குப் புதுத்தோல் போட்டார். மண்டியில் இருந்தவர்களிடம் தானாகப் போய், "வந்துடுங்க, நான் வாசிக்கிறேன்," என்று அழைத்தார். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

காலையில் சிங்கவரம் கோயிலில் தாலி கட்டியாயிற்று. சாயங்காலம் பந்தலில் கச்சேரி. தேர்தல் சமயம், மைக் செட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜெயராமன் வேனில் வந்து இறங்கினான். மைக் செட்டோடும், பாண்டிச்சேரிக் குழு மொத்தத்தோடும். அவர்கள் மேடையேறி உட்கார்ந்ததும் அங்கே கால் வைக்க இடமில்லை. துரைக்கண்ணு டோலக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீழே நின்றார்.

"அத்த ஏண்ணா தூக்கினு நிக்கிற? இன்னிக்கி நீ பொண்ணுக்கு நைனா. ஜம்முனு முன்னால உக்காந்து கேளு," என்று அவர் கையிலிருந்து டோலக்கை வாங்கி ஓரமாக வைத்தான் ஜெயராமன்.

"டேய், மொதப் பாட்டு..." என்று ஆரம்பித்தேன். துரைக்கண்ணு என் கையை அழுத்தினார்.

"உடு. அவனுக்கே தெரியும்."

அவனுக்குத் தெரியவில்லை. முதல் பாட்டு பாங்கோஸோடு தொடங்கிவிட்டது. நன்றாகத்தான் பாடினான், பாவி. நாலைந்து பாட்டு ஆனதும் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினான். "ஆரம்ப காலத்தில் எனக்குப் பக்கவாத்தியம் வாசித்த பெரியவர்கள் இவர்கள்," என்று மைக்கில் சொன்னான். பந்தல் கைதட்டியது. எங்கள் குழுவில் அவன் பாடினான் என்றுதான் அந்த நிமிஷம் வரை நான் நினைத்திருந்தேன். கும்பிடு போட்டுவிட்டுக் கீழே இறங்கினோம்.

பந்தலுக்குப் பின்னால் போய் நான் கத்தினேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. துரைக்கண்ணு பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கோவமே வரல தம்பி. வந்தாக்கூடத் தேவல. உள்ள ஒண்ணுமே இல்ல," என்றார்.

கச்சேரி முடிந்து ஜெயராமன் பந்தியில் உட்கார்ந்தான். துரைக்கண்ணுவே பரிமாறினார்.

"திருப்திதானாண்ணா?" என்றான் ஜெயராமன். முகமெல்லாம் சந்தோஷம். அண்ணனுக்குப் பெரிதாகச் செய்துவிட்டோம் என்று மனசார நம்பினான். வேண்டுமென்று செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மறந்துபோனவனை என்ன செய்வது?

"நல்லா இருந்திச்சி. பாயசம் போட்டுக்கோ," என்றார் துரைக்கண்ணு.

வேன் கிளம்பிப் போன பிறகு விருத்தாம்பாள் மாலையோடு எங்களைத் தேடி வந்தாள். பந்தலில் பாதிப் பேர் எழுந்துவிட்டிருந்தார்கள்.

"நைனா, எல்லாரும் போறாங்களே. நீ எப்ப வாசிப்ப?"

துரைக்கண்ணு அவளையே பார்த்தார். கல்யாணப் பெண் யார் என்று தெரியாதவர் போலப் பார்த்தார்.

"நம்ம வூட்டு விசேஷம் வரட்டும், அப்ப வாசிக்கிறேம்மா," என்றார்.

அவள் அழுதாள். அவர் அடுத்த பந்திக்கு இலை போடப் போனார்.