பெரியம்மா வீட்டு விலாசம்

எங்கள் தெருவுக்கு யாராவது நல்லது செய்ய வந்தால் முதலில் அவர் செருப்பைத்தான் பார்ப்பேன். சேறு பட்டதும் முகம் சுளிக்கிறவர் இரண்டாம் முறை வரமாட்டார். வியாசர்பாடிக் குடியிருப்பில் வளர்ந்தவளுக்கு இந்தச் சந்தேகம் தானாக வந்துவிடும். ஒருமுறை வேலைவாய்ப்பு முகாம் என்று சொல்லி எல்லோருடைய பயோடேட்டாவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். வேலை வரவில்லை. கடன் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அதற்கும் முன்னால், படிப்பு முடித்த புதிதில், அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். மதிப்பெண்களைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், விலாசத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். "சொல்லி அனுப்புறோம்மா" என்றார். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேலைக்கு எழுதும் எந்தத் தாளிலும் பெரம்பூர் பெரியம்மா வீட்டு விலாசம்தான். இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் இப்படி யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு விலாசத்தில்தான் வேலைக்குப் போகிறார்கள். தங்கை பி.காம். முடித்ததும் பெரியப்பாவிடம் நடையாய் நடந்து அவள் ஆதாரையே அங்கே மாற்றினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருடம் சமுதாயக் கூடத்தில் மறுபடியும் ஒரு முகாம். திருவொற்றியூர் பக்கம் புதிதாகத் திறக்கும் கன்டெய்னர் யார்டில் அலுவலக வேலை என்றார்கள். தங்கை அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கும். "உக்காந்து பாக்குற வேலக்கா" என்று படிவத்தை எடுத்து வந்தாள். விலாசம் எழுதும் இடத்தில் தயங்கினாள்.

"நம்ம வூட்டு அட்ரஸயே போட்டா இன்னாக்கா? இங்க இருக்கறவங்களுக்குன்னுதான் சொல்றாங்கோ."

"சொல்லுவானுங்க. அப்பால வியாசர்பாடின்னு பாத்தவொடனே ஓரமா வச்சிடுவானுங்க. சொம்மா பெரிம்மா வூட்டயே எய்து."

எழுதினாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் படிவத்தையும் ஆதாரையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது இந்த ஏரியாக்காரங்களுக்கு மட்டும்மா. நீங்க பெரம்பூர்."

"மேடம், நாங்க இங்கதான் கீறோம். பின்னாடி பிளாக்கு, ரெண்டாவது மாடி. வந்து பாருங்க" என்றேன். வியாசர்பாடி விலாசம் போட்ட ரேஷன் கார்டை நீட்டினேன்.

"காலைலேர்ந்து வெளியாளுங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எங்களுக்கு ஆதார்ல இருக்கறதுதான் கணக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வருகிறவர்களை எல்லாம் நான் பார்ப்பது அப்படித்தான்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. தங்கையைவிட அவள் மதிப்பெண் குறைவு. ஆனால் அவளுக்குப் பெரம்பூரில் யாரும் இல்லை, சொந்த விலாசத்தைத்தான் எழுதியாக வேண்டும். அதற்காக நான் அவளைப் பாவம் என்று சொன்னதும் உண்டு.

"இதெல்லாம் ஒரு மாசம்தான். அப்பால தொரத்தி வுட்டுடுவானுங்க" என்று தங்கையிடம் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தினமும் காலையில் துணி காயப்போடுகிற சாக்கில் மாடியிலிருந்து தெருமுனையைப் பார்ப்பேன். கம்பெனி வேன் இன்றைக்கு வராது என்று தோன்றும். வந்துவிடும். கீழ்வீட்டுப் பெண் அதில் ஏறிப் போவாள். தங்கை அதைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். ஒரு மாதம் போய் ஆறு மாதமும் ஆகிவிட்டது.

சென்ற வாரம் தங்கை கடைக்கு லீவு போட்டாள். ஆதாரை எங்கள் வீட்டு விலாசத்துக்கே மாற்றப் போவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்று சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். அவள் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"வேணாங்க்கா. நானே எய்திக்கிறேன். நீ வூட்டாண்டயே இரு."