தீ தாண்டாத பாதை

மூணாற்று எஸ்டேட்டில் தீ தாண்டாதபடி வண்டிப்பாதையோரப் புல்லை மண் தெரியச் செதுக்குவது மாரித்தாயின் மாசி மாத வேலை. பாதைக்கு மேலே தேயிலை. கீழே சதுப்பு, அதன் கரையில் கூலிகள் குடியிருந்த புல்வேய்ந்த லயம். கோடையில் சதுப்புக் கோரை சருகாகிவிடும்.

"கங்காணியாரே, லயத்தச் சுத்தியும் செதுக்கிருவமா?" என்று வருஷந்தோறும் கேட்பாள்.

"அங்க என்ன தேயிலையா மொளைச்சிருக்கு? சோலியப் பாரு."

அந்தப் பங்குனியில் கோரை பற்றிக்கொண்டது. கொழுந்தெடுத்தவர்கள் ஓடிவருவதற்குள் லயம் சாம்பல். மேலேறிய நெருப்பு மாரித்தாய் செதுக்கிய பாதையோரத்தில் அணைந்தது.

குதிரையில் வந்த துரை தேயிலையைப் பார்த்தார். "ஒரு இலைகூடக் கருகலை. நல்ல வேலைக்காரி!"

கங்காணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அந்த நல்ல வேலைக்காரி, லயத்திலிருந்து உயிர் தப்பிய பிள்ளைகளை அன்றிரவு அந்தப் பாதையோரத்திலேயே படுக்கவைத்தாள். அங்கேதான் தீ வராது.