ஏழாவது கல்லுக்கு நான் பூசிய மஞ்சள்

இதை எழுதப் பல வருஷமாகக் கை வரவில்லை. கார்த்திகை விளக்கேற்றி முடித்ததும் நோட்டை எடுப்பேன். சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று மூடி வைத்துவிடுவேன். எழுதாமல் இருப்பதும் குற்றம்தான் என்று இப்போது தோன்றுகிறது. எட்டாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பறவைப் பாதுகாப்பு அமைப்பில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். திருநின்றவூருக்கும் வேப்பம்பட்டுக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன ஏரி என் பொறுப்பு. ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். கூடுகளை எண்ணி எழுதுவேன், கன்று நடுவேன், ஏரியின் எல்லைக் கற்கள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வேன்.

அதில் ஏழாவது கல்தான் தொல்லை. ஏரி அந்த இடத்தில் மேற்கே புடைத்துக்கொண்டு போகும். கோடையில் வற்றிவிட்டால் அதுவரை ஏரி என்று யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்து நிலத்தை உழுகிறவர் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். மூன்று தடவை தூக்கி நட்டேன். நாலாம் தடவை, ஒரு வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுப் போய், கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றினேன். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் செய்தேன்.

அப்புறம் கல் அசையவில்லை. உழுகிறவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு மாட்டைத் திருப்பினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஆடியில் யாரோ கூழ் ஊற்றினார்கள். அதற்கடுத்த வருஷம் கீற்றுக் கொட்டகை வந்தது. எங்கள் குழந்தைக்கு அம்மை இறங்கியபோது என் மனைவியே அங்கே வேப்பிலை சாத்திவிட்டு வந்தாள். அது நான் மஞ்சள் பூசிய எல்லைக்கல் என்று அவளிடம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் மனை போடுகிறவர் ஒருவர் வந்தார். அம்மனுக்குச் செங்கல்லில் கோயில் கட்டுகிறேன், ஆனால் மூலை சரியில்லை, கிழக்கே தள்ளி வைக்கவேண்டும் என்றார். கிழக்கே என்றால் ஏரிக்குள். மேளம் வைத்துக் கல்லைத் தோண்டி எடுத்துப் போனார்கள். கூட்டத்தில் நானும் கைகூப்பி நின்றேன். கல் முன்பு நின்ற இடத்திலிருந்து புதுக் கோயில்வரை மனைகள் பிரித்தார்கள். நாரைகளின் மரங்கள் அதற்குள்தான் இருந்தன.

ஏரியை அளக்கச் சொல்லி எங்கள் அமைப்பு மனு கொடுத்தது. நில அளவைக்காரர் சங்கிலியோடு வந்து, கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்.

"இன்னா அண்ணாத்தே, ஆறாங்கல்லு கீது, எட்டாங்கல்லு கீது. ஏழாங்கல்ல நாரை தூக்கிகினு பூட்ச்சா?"

கூட்டம் சிரித்தது. மனைக்காரரின் ஆள் ஒருவர் சேர்ந்துகொண்டார். "வர்ஷம் பூரா நாரய எண்ணினு கீற. ஒரு கல்ல எண்ண முடியலயா மாமே?"

அளவைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "பழைய படம் கிழிஞ்சி கீது. நீ எடத்தக் காட்டு, எழுதிக்கிறேன். இல்லாங்காட்டி ஆறுலேந்து எட்டுக்கு நேரா சங்கிலிய புட்ச்சிடுவேன்."

நேராகப் பிடித்தால் மரங்கள் ஏரிக்கு வெளியே போய்விடும். ஏழாவது கல் பத்தடியில், சந்தனக் காப்புக்குள் இருந்தது. துடைத்தால் எண் தெரியும். அதன் பழைய இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பேன்.

உள்ளேயிருந்து என் மனைவி, இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, சீக்கிரம் சொல்லிட்டு வாங்க. ஆத்தாளுக்கு தீபாராதன ஆவப்போவுது."

"தெரியலிங்க" என்றேன்.

சங்கிலி நேராகப் போனது. பத்து நாளில் மரங்களை வெட்டினார்கள். கூட்டில் குஞ்சுகள் இருந்த நேரம். விழுந்தவற்றைக் கூடையில் பொறுக்கினேன். திருப்பி வைக்க ஒரு கிளை இல்லை. தாய் நாரைகள் இரண்டு நாள் மேலேயே சுற்றின. அப்புறம் வரவே இல்லை.

இன்றைக்கும் எந்தக் கோயிலில் கற்பூரம் காட்டினாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை எழுவதில்லை. அந்த ஆத்தாளிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

இதைப் பிறருக்குச் சொல்வதானால் எழுதியபடியே சொல்லுங்கள். மனைக்காரர் ஏமாற்றினார் என்று மட்டும் சொல்லி என்னைத் தப்பவிட்டுவிடாதீர்கள். மஞ்சள் பூசியது நான். தெரியாது என்று சொன்னதும் நான்.