பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர்

கிழமை முழுவதும் அப்பா தபாற்கந்தோரில் முத்திரை விற்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வேறு மனிதராகிவிடுவார். கரவெட்டியில் எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் புகையிலையும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரர்கள். கடல் ஐந்து கட்டை தூரத்தில் இருந்தும், ஆடி அமாவாசைக்குத் தலைமுழுகுகிற இடமாகத்தான் அவர்கள் அதை அறிந்திருந்தார்கள். அப்பாவுக்கோ நான்கு சுவருக்குள் இருந்தால் மூச்சு முட்டும். மாரியில் வயல்வெளிகளில் கொக்கும் நாரையும் பார்த்துக்கொண்டு திரிவார். கோடையில் கடல். கந்தோர் மேசையில் கூனிக் குந்தியிருக்கிற அந்த மனிதர் தண்ணீருக்குள் இறங்கினால் மீன்தான்.

அம்மாவால் அவரை மறிக்க முடியவில்லை. அதனால் என்னையும் அவரோடு அனுப்பத் தொடங்கினார். “பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ” என்பார். பிள்ளை கரையில் நின்றால் மனிதர் ஆழத்துக்குப் போகமாட்டார் என்பது அம்மாவின் எண்ணம். அப்பா அதற்கு மறுப்பே சொல்லவில்லை. என்னைச் சயிக்கிளின் முன்னால் ஏற்றிக்கொண்டு தொண்டைமானாறு வரைக்கும் பாட்டுப் பாடியபடி மிதிப்பார். அங்கே பாலத்தைத் தாண்டிக் கிழக்கே ஒரு கட்டை தூரம் போய், தாழம்பற்றைக்குள் சயிக்கிளை மறைத்து வைப்பார். பிறகு என்னைக் கரையில் இருத்திவிட்டு, தலை ஒரு புள்ளியாகத் தெரிகிற தூரத்துக்கு நீந்திப் போவார்.

கடலடியில் கிடக்கும் கல்மேட்டை அந்தக் கரையில் பார் என்பார்கள். அப்பா போனது அந்தப் பாரின் வெளி விளிம்புக்கு. அதற்கப்பால் கிடங்கு மாதிரி ஆழம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே மூழ்கிச் சிங்க இறால் பிடிப்பார். நடுவில் பாரின்மேல் ஏறி நின்று கையைக் காட்டுவார், நானும் காட்டவேண்டும். கடலில் இறங்குவதற்கே தடை இருந்த காலம் அது. கடற்படைப் படகு தூரத்தில் தெரிந்தால் நான் என் சட்டையைக் கழற்றி வீசவேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு இருந்தது. அப்படி ஒருநாளும் நடக்கவில்லை.

“அம்மா கேட்டா என்ன சொல்லுவாய்?” என்று திரும்பி வரும்போது கேட்பார்.

“பாலத்தடியிலை. இடுப்பளவு தண்ணி.”

“என்ரை கெட்டிக்காரி.”

என்னைக் காவலுக்கு அனுப்பியவர் அம்மா. காவலாளியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் அப்பா. எனக்கு அது பெருமையாக இருந்தது.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்பது வயது. இரண்டு நாளைக்கு முன்னர் கிணற்றடியில் போத்தல் ஓடு குத்தி என் உள்ளங்கால் பிளந்திருந்தது. அப்பாதான் அந்த ஓட்டுத்துண்டை எடுத்தார், மருந்து கட்டினார், கக்கூசுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போனார். அன்று காலை அவர் சயிக்கிளைத் துடைக்கத் தொடங்கியதும் அம்மாவின் முகம் மாறியது.

“பிள்ளைக்குக் கால் ஏலாது. நீங்களும் இண்டைக்கு நில்லுங்கோவன்.”

“மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன். பிள்ளைக்கு ஒரு இறாலோடை வாறன்.”

அப்பா வந்து என் கால்கட்டை அவிழ்த்துப் பார்த்து, திருப்பிக் கட்டிவிட்டுப் போனார்.

அப்பா நேரம் தவறாதவர். பன்னிரண்டரைக்கு அம்மா சோற்றை இறக்கி வைத்தார். ஒரு மணிக்கு வாசல் படலையடிக்குப் போய் வந்தார். ஒன்றரைக்கு மறுபடி போனார். உரும்பிராயிலிருந்து வந்து எங்களோடு நின்ற சின்னம்மா, “சயிக்கிளுக்குக் காத்துப் போயிருக்கும், அக்கா” என்றார். இரண்டு மணிக்கு அம்மா பக்கத்து வளவிலிருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டார். அவர் அப்பாவின் தம்பி. வந்து என் கட்டிலருகே நின்றார்.

“அப்பா எந்த இடத்திலை இறங்கிறவர்?” என்று அம்மா கேட்டார்.

“பாலத்தடியிலை.”

“எவ்வளவு தண்ணியிலை?”

“இடுப்பளவு.”

அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “வடிவா யோசிச்சுச் சொல்லு. வேறை இடத்துக்குப் போறவரோ?”

“இல்லை.”

யோசித்துத்தான் சொன்னேன். இன்னும் அரைமணியில் அப்பா வந்துவிடுவார்; வந்ததும் நான் காட்டிக்கொடுத்தது தெரிந்துவிடும்; பிறகு என்னைக் கடலுக்குக் கூட்டிப்போகமாட்டார். எனக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான். சித்தப்பா இன்னும் இரண்டு பேருடன் சயிக்கிளில் பாலத்தடிக்குப் போனார்.

அந்தப் பின்னேரம் போல ஒரு நீளமான பின்னேரத்தை நான் பிறகு எந்த ஷெல்லடிக்குள்ளும் காணவில்லை. சுவர் மணிக்கூட்டுக்கு எதிரே கட்டில். மூன்று அடித்தது. கால் விண்விண் என்று குத்தியது. ரோட்டில் ஒவ்வொரு சயிக்கிள் மணி கேட்கும்போதும் தலையை நிமிர்த்தினேன். நாலு அடித்தது. “அம்மா” என்று ஒருமுறை கூப்பிட்டேன். அவர் ஓடி வந்தபோது, “தண்ணி” என்றேன். அவர் கொண்டுவந்த தண்ணீரைக் கட்டிலடியில் வைத்தேன்.

ஐந்து மணிக்குச் சித்தப்பா திரும்பி வந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

“அண்ணி, பாலத்தடி முழுக்கப் பாத்திட்டம். ஏரிப்பக்கமும் தேடினது. சயிக்கிளே இல்லை. அண்ணை இண்டைக்குக் கடலுக்கே போகேல்லை. உடுப்பிட்டியிலை ஆரின்ரையும் வீட்டிலை கதைச்சுக்கொண்டிருப்பார்.”

அம்மா சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். பிறகு, அன்று முதல்முறையாக, சிரித்தார். “வரட்டும் மனிசன்” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பாவுக்குச் சோறு போட அடுப்படிக்குப் போனார். அகப்பை சட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டது. சின்னம்மா ஏதோ பகிடி சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நொண்டிக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போய் நின்று சொன்னேன். “பாலத்தடி இல்லை. தாழம்பத்தை. பாருக்கு அங்காலை.”

சித்தப்பா கை கழுவாமலே எழும்பினார். என்னைத் தூக்கிச் சயிக்கிளில் வைத்து மிதித்தார். தாழம்பற்றைக்குள் அப்பாவின் சயிக்கிள் நின்றது. அதன்மேல் மடித்து வைத்த சேட்டு, சேட்டுப் பைக்குள் மணிக்கூடு. கடல் எழும்பத் தொடங்கியிருந்தது. சித்தப்பா தண்ணீரின் விளிம்பில் நின்று “அண்ணை” என்று கூப்பிட்டார். அந்தக் குரல் அடுத்த அலை வரைக்குமே போனது.

கரையோரக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கரைவலைக்காரருக்குத் தலைவராக இருந்த வயதானவரை எல்லோரும் மண்டாடி என்றே அழைத்தார்கள். அவருக்கு அப்பாவைத் தெரியும். தடையைப் பற்றி ஒருவர் நினைவூட்டியபோது, “தெரியும், தள்ளடா” என்றார். அவரும் இரண்டு பெடியளும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குள் அம்மாவும் சின்னம்மாவும் யாரோ ஒருவரின் காரில் வந்து இறங்கியிருந்தார்கள். அம்மா மணலில் என் பக்கத்தில் குந்தி என்னை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

பொழுது பட்டதும் வள்ளம் வெறுமனே திரும்பியது. மண்டாடி இறங்கி வந்து அம்மாவின் முன்னால் நின்றார். சித்தப்பாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “இரண்டு மணிக்கு இஞ்சை வந்து தேடியிருந்தால்?”

மண்டாடி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“ஒண்டும் செய்திருக்கேலாது, தங்கச்சி. காலமை ஒன்பது மணிக்கே நீரோட்டம் மாறிட்டுது. அதுக்குப் பிறகு ஆர் வந்திருந்தாலும் ஒண்டுதான்.”

எட்டு நாள் தேடினார்கள். அப்பா கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே கிரியை செய்தோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் அம்மா அதையே சொன்னார்: “காலமை ஒன்பது மணிக்கே நீரோட்டம் மாறிட்டுதாம்.” கலியாண வீடுகளில், கோயிலில், பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம்கூடச் சொன்னார். திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கு அது பாடமாகிவிட்டது. அந்த ஒரு வசனம் இருந்ததால்தான் நான் படுத்தேன், எழும்பினேன், படித்தேன்.

தொண்ணூற்றைந்தில் போருக்குத் தப்பி வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து வந்தபோது, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட முகாமில் நான் பதிவு எழுதினேன். வரிசையில் வந்த ஒருவர் நான் யாருடைய பிள்ளை என்று விசாரித்து, அப்பாவின் பெயரைச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். அன்று மண்டாடியோடு வள்ளத்தில் போன பெடியன்களில் ஒருவர் அவர். மயிலிட்டியில் கலியாணம் செய்து, அங்கிருந்து ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்து, இப்போது மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தார்.

“அருமையான நீச்சல்காரன், தங்கச்சி. அண்டைக்குக் கடல் பின்னேரம் மூண்டு மணிவரைக்கும் எண்ணெய் மாதிரியெல்லே கிடந்தது. அதுக்குப் பிறகுதான் இழுவை தொடங்கினது. கால் தசை பிடிச்சு நீந்தேலாமல், அதுவரைக்கும் எங்கையும் பாரிலை பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பார் எண்டு நாங்கள் பிறகு கதைச்சனாங்கள்.”

அவருக்குப் பாய் இரண்டு கொடுத்து அனுப்பினேன். அடுத்த பெயரை எழுதினேன்.

அம்மாவிடம் அதை நான் கேட்கவில்லை. உரும்பிராயை விட்டு எங்களிடம் வந்திருந்த சின்னம்மாவிடம்தான் கேட்டேன், அம்மாவுக்கு இது தெரியுமா என்று. சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியாது, பிள்ளை. ஆனா ஒண்டு. நீ இல்லாத இடத்திலை அக்கா அந்த ஒன்பது மணிக் கதையைச் சொல்லி நான் ஒருநாளும் கேக்கேல்லை.”

வந்தவர்களுக்குத்தான் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று, அத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன்.