இடுப்பளவுக் கடல்

நெஞ்சு வரை ஏறும் ரப்பர் காற்சட்டையை நான் முதன்முதலில் போட்டுப் பார்த்தது பரமட்டாவில் ஒரு தூண்டில் கடையில். பூட்சும் காற்சட்டையும் ஒன்றாக ஒட்டியிருக்கும். தோளில் இரண்டு வார். கடைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் கப்பலில் ஃபிட்டராக இந்தக் கங்காரு தேசத்துக்கு வந்து இறங்கி, கடதாசிகள் சரியாகி, ஒரு இரும்புப் பட்டறையில் வெல்டிங் செய்து, நாலே வருடத்தில் ஃபோர்மன் ஆனவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குக் கீழே வெள்ளைக்காரர் வேலை செய்தார்கள். இன்றைக்குக் கிரவீனில் என் சொந்தப் பட்டறையைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள். அன்று ஊருக்குக் கடிதம் போட்டபோது ஒருவரும் நம்பவில்லை.

அந்த டிசம்பரில் பட்டறையை மூன்று கிழமைக்குப் பூட்டினார்கள். லீவில் போகிறவனுக்குச் சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டித் தரும் வழக்கம் அப்போதுதான் வந்திருந்தது. வேலை செய்யாமல் இருப்பதற்குக் கூடுதல் காசு! அந்தக் காசில் அரிசி, பருப்பு வாங்குவது பாவம் என்று எனக்குப் பட்டது.

நார்த்மீட்டில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு இஞ்சினியர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரியில் படித்து, கொழும்பில் வேலை பார்த்து, விசாவோடு விமானத்தில் வந்தவர். என் வயதுதான். இங்கிலீஷ் படித்த அந்தக் காலத்து ஆட்களைப்போல வாய்க்கு வாய் 'ஐசே' என்பார். அவரும் தனக்கென்று தூண்டில் சாமான் வாங்க என்னோடு கடைக்கு வந்தார்.

அவர் எடுத்தது மெல்லிய தடி, மெல்லிய தங்கூசி. நைலோன் நூலுக்கு எங்கள் பக்கத்தில் தங்கூசி என்று பெயர். நான் ஃபைபர்கிளாஸ் தடி, பெரிய ரீல், மூன்று தட்டு வைத்த சிவப்புப் பெட்டி, அது நிறைய ஈயக் குண்டு, இந்த ரப்பர் காற்சட்டை எல்லாம் எடுத்தேன். தங்கூசியில் கடையில் இருந்ததிலேயே தடித்ததைக் காட்டினேன். கடைக்காரன் சிரித்தான்.

"சுறாவுக்குப் போடுற நூலாம், ஐசே," என்றார் இஞ்சினியர். "நாங்கள் பிடிக்கப் போறது சின்னக் கிழங்கான் மீன்."

"இருக்கட்டும். வாங்கினால் வாங்கினதாய் இருக்கவேணும். உம்மட நூலிலை பூவெல்லோ கட்டலாம்."

காசு கொடுத்தபின் கடைக்காரன் ஒரு சிறிய அட்டையை இனாமாக நீட்டினான். முழுக்க எண்கள்.

"இதென்ன?"

"கடல் ஏறுற நேரமும் வத்துற நேரமும்," என்றார் இஞ்சினியர்.

"கடலுக்கு ரைம்ரேபிளோ? இது என்ன பஸ்ஸே? எங்கட கடலிலை ஆரும் அட்டை பாத்து இறங்கினவையோ?"

இஞ்சினியர் அதை மடித்துத் தன் சேர்ட் பைக்குள் வைத்தார். காரில் வரும்போது, "உமக்கு நல்லா நீந்தத் தெரியும்தானே?" என்று கேட்டார்.

"கடலுக்கை பிறந்தவனிட்டைக் கேக்கிற கேள்வியே இது?"

தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் கடலைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அது களப்புக் கடல். கரையிலிருந்து அரை மைல் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. மீன்பிடிக்கிறவர்கள் கடலுக்குள் நடந்து போய் நடந்துதான் வருவார்கள். பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் பெரிது. கடலைக் காலால் அறிந்தவன் நான். கை கால் அடித்து மிதக்கவேண்டிய தேவை அங்கே ஒருவருக்கும் வந்ததில்லை. கப்பலில் ஏழு வருடம் இருந்தேன். இரும்புத் தட்டில் நிற்கிறவனிடம் நீந்தத் தெரியுமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

விடிய வெளிக்கிட்டு, சதர்லாந்து தாண்டி, ஆறு கடலோடு சேரும் ஒரு இடத்துக்குப் போனோம். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் நீளமான மணல் திட்டு ஒன்று வெள்ளையாகப் படுத்திருந்தது. இடையில் ஓடிய வாய்க்கால் முழங்காலுக்கும் இல்லை. என் சேர்ட்டையும் காற்சட்டையையும் காருக்குள் வைத்துவிட்டு ரப்பர் காற்சட்டையை மாட்டினேன். என் பழைய ஹோல்டன் காரைப் பூட்டி, திறப்பைப் பத்திரமாகச் சிவப்புப் பெட்டியின் அடித்தட்டில் போட்டு, எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு திட்டுக்கு நடந்தோம். வேலைநாள். எங்களைத் தவிர ஒரு குருவி இல்லை.

இஞ்சினியருக்கு வீசிய உடனே கிழங்கான் பட்டது. பிறகு இன்னொன்று. எடுத்து எடுத்து ஐஸ் போட்ட வெள்ளைத் தெர்மோகோல் நுரைப் பெட்டிக்குள் போட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. என் தங்கூசியைக் கண்டு மீனெல்லாம் விலகிப் போயிருக்கவேண்டும். கயிறு மாதிரித் தண்ணீரில் கிடந்தது.

ஒன்பது மணிக்கு, "போவமோ, ஐசே? ஏழு மீன் போதும்," என்றார்.

"உமக்கு ஏழு. எனக்கு?"

"தண்ணி ஏறுது போலைக் கிடக்கு. அட்டையிலையும் அப்பிடித்தான்..."

"ஏறினாலும் ஒரு சாண். பேசாமல் நில்லும்."

ஃபோர்மன் குரலில்தான் சொன்னேன். அவரும் நின்றார். புதுத் தடியோடு வந்து வெறுங்கையோடு ஒரு இஞ்சினியருக்குப் பின்னால் நடந்து போக நான் தயாராக இல்லை.

ஒரு சாண் ஏறியது. பிறகு இன்னொரு சாண். நாங்கள் நின்ற திட்டு நீளத்திலும் குறைந்தது, அகலத்திலும் குறைந்தது. பிறகு திட்டு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்கு நடுவில் இரண்டு பேர் நின்றோம். நான் திரும்பிப் பார்த்தேன். காலையில் முழங்காலுக்கு இல்லாத வாய்க்கால் இப்போது கறுப்பாக, சுழித்துக்கொண்டு உள்ளே ஓடியது.

இஞ்சினியர் தடியை மணலில் குத்திவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்து பார்த்தார். நாலு எட்டில் இடுப்பு, ஆறு எட்டில் நெஞ்சு. திரும்பி வந்தார்.

"நடக்கேலாது. நீந்தத்தான் வேணும். அம்பது யார் தூரமும் வராது. நான் கொழும்பிலை குளத்திலை பழகினனான், ஒருமாதிரிப் போயிடுவன். உமக்கென்ன, கரைக்குப் போய் எனக்குக் கை குடுப்பீர். அந்தக் காற்சட்டையைக் கழட்டும்."

நான் அசையவில்லை. ரப்பர் காற்சட்டைக்குள் ஒரு துளி தண்ணீர் இல்லை. ஆனால் வெளியே நின்ற தண்ணீர் என் கால்களை இரண்டு பக்கமும் பிடித்து நெரித்தது. யாரோ குனிந்து கட்டிப் பிடித்திருப்பதுபோல இருந்தது. காலுக்கடியில் மணல் கரைந்து, பூட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது.

"சாமானை விட்டிட்டு நான் வரமாட்டன்," என்றேன்.

"என்ன?"

"புதுச் சாமான். விட்டிட்டு வரமாட்டன்."

"விசரே உமக்கு? தடிக்கும் தங்கூசிக்கும் உயிரை விடப்போறீரோ?"

"ஓம். என்ரை உழைப்பு."

ஆசை பிடித்தவன் என்று நினைக்கட்டும். கஞ்சன் என்று நார்த்மீட் முழுக்கச் சொல்லட்டும். கடலுக்குள் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாது என்று மட்டும் இந்த மனிதருக்குத் தெரியக்கூடாது. அந்தத் தண்ணீரில் நின்று நான் யோசித்தது சத்தியமாக இதைத்தான். கரை தெரிகிறது. என் கார் தெரிகிறது. காரின் கண்ணாடியில் வெயில் பட்டு மினுங்குகிறது. அங்கே போக ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை என் வாயாலேயே அடைத்து வைத்திருக்கிறேன்.

தண்ணீர் தொடை தாண்டியது. இஞ்சினியர் பொறுமை இழந்து தன் சேர்ட்டையும் காற்சட்டையையும் கழற்றி என் தோளில் எறிந்தார்.

"நில்லும் அப்ப. நான் போய் ஆரையும் வள்ளத்தோடை கூட்டிக்கொண்டு வாறன்."

எந்த ஆள்? எந்த வள்ளம்? அவர் வாய்க்கால் பக்கம் நாலு எட்டு வைத்துவிட்டார்.

"இஞ்சினியர்!"

"என்ன?"

"எனக்கு நீந்தத் தெரியாது."

"என்ன சொன்னனீர்?"

"காது கேக்கேல்லையோ? தெரியாது எண்டு சொல்லுறன்!"

"கடலுக்கை பிறந்தனான் எண்டீர்?"

"பிறந்ததுதான். எங்கட கடல் இடுப்புக்கு மேலை வராது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஓடுகிற தண்ணீரில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐசே, நான் உம்மை நம்பியல்லோ இவ்வளவு நேரம் நிண்டனான்!" என்றவர், சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லாமல் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த யோசனை என்னுடையது. படித்தவர் அட்டையை யோசித்தார். நான் சாமானை யோசித்தேன். நுரைப் பெட்டியைக் கவிழ்த்து மீனையும் ஐஸையும் கொட்டினேன். வெறும் பெட்டி நன்றாக மிதந்தது. என் தங்கூசியின் நுனியை இஞ்சினியரின் இடுப்பில் கட்டினேன். அவர் நீந்திப் போக, நான் ரீலிலிருந்து நூலை விட்டுக்கொண்டே இருந்தேன். ஓட்டம் அவரை ஒரு பக்கமாக இழுத்தது. தலை இரண்டு தரம் தண்ணீருக்குள் போய் வந்தது. கடைசியில் கரையில் ஏறிக் கையைக் காட்டினார்.

இனி நான் காற்சட்டையைக் கழற்றவேண்டும். தோள் வாரைத் தள்ளிவிட்டேன். மேலால் தண்ணீர் புகுந்து கால் கல்லாகிவிட்டது. பூட்ஸ் மணலுக்குள். இழுத்தேன், வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன், வரவில்லை. மல்லாக்க விழுந்து, தண்ணீர் குடித்து, எழும்பி, அந்தப் புதுக் காற்சட்டையைக் கெட்ட வார்த்தையால் ஏசி, ஒரு காலை எடுத்தேன். பிறகு மற்றக் காலை எடுத்தேன். அந்த இரண்டு காலுக்கு எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது.

நூலை வெட்டி அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினேன். சிவப்புப் பெட்டி ஈயத்தின் கனத்தில் அடியில் அப்படியே கிடந்தது. இரண்டு தடியையும் அதன் பக்கத்தில் ஆழமாகக் குத்தினேன். இஞ்சினியரின் உடுப்பைத் தலையில் கட்டி, நுரைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

அவர் தங்கூசியை ஒரு காய்ந்த கொப்பில் சுற்றிச் சுற்றி இழுத்தார். நூல் சதையை வெட்டியது. காலுக்கடியில் ஒன்றும் இல்லை. பிறந்த நாள் தொடக்கம் என் காலுக்கடியில் எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது, அன்றுதான் இல்லை. சுறா நூல் அறவில்லை. என் தூண்டிலில் அன்று பட்டது நான் ஒருவன்தான்.

கரையில் கிடந்து இருமி முடித்தபின் இஞ்சினியர் கேட்டார்: "கார்த் திறப்பு?"

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். தண்ணீருக்கு மேலே இரண்டு தடியின் நுனியும் ஒரு முழம் தெரிந்தது.

தலையில் கட்டி வந்த சேர்ட் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து விரித்தேன். எண்கள் எனக்கு எந்தப் பாஷையிலும் தெரியும். அடுத்த வற்று பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு.

அன்று முழுவதும் அந்தக் கரையில், டிசம்பர் வெயிலில், பனியனும் உள்ளுடுப்புமாக நான் குந்தியிருந்தேன். காசு, உடுப்பு, கார் எல்லாம் கண்ணுக்கு எதிரே பூட்டிக் கிடந்தன. நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மீன் பட்டதா என்று கேட்டார்.

"ஒன்று. பெரிசு," என்று அவருடைய பாஷையில் இஞ்சினியர் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

கடல் சொன்ன நேரத்துக்கு வற்றியது. நடந்து போய்த் தடிகளையும் பெட்டியையும் திறப்பையும் எடுத்தோம். ரப்பர் காற்சட்டையைக் கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காரில் வரும்போது, "நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன், ஐசே," என்றார்.

வழி நெடுக நான் மனைவிக்கு ஒரு கதை தயாரித்தேன். கார் பழுதானது, ரயர் காற்றுப் போனது, இஞ்சினியருக்குத் தலைச்சுற்று. நல்ல கதைகள். ஆனால் அவற்றைச் சொன்னால் திரும்பவும் அந்தத் திட்டில்தான் நிற்கப்போகிறேன் என்று பட்டது. வாசலில் நின்றபடியே, "இஞ்சை பாரும், எனக்கு நீந்தத் தெரியாது," என்றேன்.

அவள் என் சிவந்த தோளையும் அக்குளில் நூல் வெட்டிய காயத்தையும் பார்த்தாள்.

"அதுக்கென்ன? எங்கட ஊரிலை ஆருக்குத் தெரியும்?" என்றாள். "மீன் எங்கை?"