பேசாத கட்டையும் கோமதி மிஸ்ஸும்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், முதல் ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து திரும்புகிறவர்களின் சைக்கிள்கள் எங்கள் கிளப் வாசலைக் கடந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் ஆபீஸ் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. கலியபெருமாள் அண்ணன். என்னைப் போலவே வடக்குத்து கிராமத்துக்காரர். சுரங்கத்தில் காண்டிராக்டில் சேர்ந்து பெர்மனென்ட் ஆனவர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கிளப் குமாஸ்தாவிடம் பேச யாரும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

"தங்கச்சி, கோமதி மிஸ்ஸு பூட்டாங்களாம். அவங்க புள்ள நம்ம பொண்ணு மல்லிகாவுக்கு லெட்டர் போட்டுக்கிறாரு. நீ இங்கியே உக்காந்துகினு இருக்கியே, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. "எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமையாம். பாளையங்கோட்டையில, அவங்க வூட்ல. ரொம்பக் கஷ்டப்படலையாம்." ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். பிறகு, "இன்னிக்குக் கிளாஸ் உண்டுதானே?" என்றார். உண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நம் டவுன்ஷிப்பில் இதைப் படிக்கிற உங்களில் பலர் கோமதி மிஸ்ஸிடம் வாசித்தவர்கள், அல்லது பிள்ளைகளை அனுப்பியவர்கள். நான் அவரிடம் பியானோ கற்றவள் இல்லை. பியானோவின் சாவியை வைத்திருந்தவள். ஆகவே நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவருடைய கணவர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். மிஸ் சிறுவயதில் பாளையங்கோட்டை கான்வென்ட்டில் பியானோ படித்திருந்தார். டவுன்ஷிப்பின் ஆரம்ப நாட்களில் இருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் குடும்பம் விட்டுப்போன பியானோ கிளப் ஹாலில் போர்வை மூடிக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, செவ்வாய்தோறும் நான்கு மணிக்கு வகுப்பு தொடங்கினார். எந்த பிளாக் பிள்ளையும் வரலாம். நகம் வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். "நகத்தோட வந்தா பியானோ கோவிச்சுக்கிடும்" என்பார்.

பியானோ மூடியைப் பூட்டி, சாவியை ஆபீசில் வைக்க வேண்டும் என்பது கிளப் விதி. நான் விருத்தாசலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டி எழுதிக்கொள்வேன். யாரிடமும் கேட்கமாட்டேன். கேட்டால், இவளுக்கு யார் பட்டம் கொடுத்தது என்பார்களோ என்று பயம்.

அந்தப் பியானோவில் ஒரு கட்டை பேசாது. நடுவிலிருந்து வலப்பக்கம் ஒன்பதாவது வெள்ளைக் கட்டை. அழுத்தினால் 'டொக்' என்று மரச்சத்தம் மட்டும் வரும். சேத்தியாத்தோப்பிலிருந்து ஹார்மோனியம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்து, "இது நம்ம கைக்கு அடங்காதுங்க" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மெட்ராஸிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டும் என்று மிஸ் கேட்டபோதெல்லாம் செயலாளர், "பார்ப்போம் மேடம்" என்றார். மிஸ் பிள்ளைகளிடம் சொன்னார்: "அது பேசலைன்னா நீங்க பேசிருங்க. பாட்டு நின்னுரக் கூடாது." அதன்படி அந்த இடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் அந்த ஸ்வரத்தைத் தொண்டையில் 'ம்' என்று கொடுத்துவிட்டு மேலே வாசிப்பார்கள். நானும் ஆபீசிலிருந்து கேட்டுக்கேட்டு, பியானோ என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருடம் ஹாலை டேபிள் டென்னிஸுக்குக் கேட்டார்கள். செயலாளர் மிஸ்ஸைக் கூப்பிட்டு, "மெட்ராஸ்ல வருஷா வருஷம் பிள்ளைகளை வாசிக்க வச்சு மார்க் போடுறாங்களாமே, அதுல நம்ம பிள்ளைங்க வாசிச்சு ஒரு பேப்பர் வாங்கிட்டு வரட்டும். இல்லேன்னா ஹாலைக் கொடுத்துடலாம்" என்றார். மிஸ் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். இன்ஜினியர் மகன் ரவி, கணக்கு ஆபீசர் மகள் வசந்தி, கலியபெருமாள் அண்ணன் மகள் மல்லிகா. எட்டு மாதம் மூவரும் ஆளுக்கு ஓர் இசைத்துண்டை வாசித்து வாசித்து, டென்னிஸ்காரர்களே அந்த மெட்டுகளைச் சீட்டியடிக்கும் அளவுக்கு ஆனது.

விண்ணப்பம் அனுப்ப வேண்டிய வாரம், மிஸ் உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சங்கரன்கோவில் போனார். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, பிள்ளைகளின் பெயர், வயது, வாசிக்கும் துண்டு எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "நீ பி.ஏ.லா, நிரப்பி அனுப்பிரு" என்றார். நிரப்பினேன். கடைசிக்கு முன்னால் ஒரு கட்டம்: 'கீ'. சீட்டில் அதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாவி பற்றி என்னைவிட அறிந்தவர் யார்? மூன்று படிவத்திலும் அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினேன்: 'கிளப் ஆபீஸ் பொறுப்பில் உள்ளது. எழுத்துமூலம் கேட்டால் வழங்கப்படும்.'

பத்து நாளில் படிவங்கள் திரும்பி வந்தன. அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மை. திங்கள்கிழமைக்குள் சரிசெய்து வராவிட்டால் ஏற்க இயலாது என்று ஒரு வரி. வந்தது சனிக்கிழமை. தபாலில் போட்டால் போய்ச் சேராது. எட்டு மாத உழைப்பும் ஹாலும் என் ஒரு வரியால் போகப்போகின்றன என்று மட்டும் புரிந்தது. என்ன தவறு என்று அப்போதும் புரியவில்லை.

மிஸ்ஸின் குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். படித்தார். அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வர, "எழுத்துமூலம் கேட்டாத்தான் கொடுப்பியோ!" என்று மறுபடி சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"ஏட்டி, வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டது யாரு? நான்லா. அழாதே. சாவியை எடுத்துட்டு வா."

ஹாலில் பியானோவைத் திறந்து, பெஞ்சில் நகர்ந்து எனக்குப் பாதி இடம் விட்டார். நான் அந்தப் பெஞ்சில் அதுவரை உட்கார்ந்ததில்லை. என் விரலைப் பிடித்து ஒரு கட்டையில் வைத்து, "இது வூடுன்னு வச்சுக்கோ. உங்க ஊர்ல அப்படித்தான சொல்லுவிய? பாட்டு எங்கெங்கயோ சுத்திட்டு இங்க வந்து உக்காரும். அந்த வூட்டுக்குப் பேருதான் கீ. ரவி வூடு சி, வசந்தி வூடு எஃப், மல்லிகா வூடு ஜி" என்றார். மூன்றையும் வாசித்துக் காட்டினார். நான் காதால் வீட்டைக் கண்டுபிடித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இப்ப நீயே மெட்ராஸ் போயிட்டு வா" என்றார்.

"நானா மிஸ்? நீங்க போங்க மிஸ்."

"நான் போனா படிவம் மட்டுந்தான் போவும். நீ போனா நீயும் போவே. அவங்க என்ன கேட்டாலும் தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அதுக்கு மூணு செகண்டுதான் ஆவும்."

திங்கள் காலை முதல் பஸ்ஸில் போனேன். அங்கே மேஜையில் இருந்தவர் படிவத்தில் எங்கள் கிளப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "சாவி அம்மா நீங்கதானா?" உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "ஆமா சார். எங்க ஊர்ல பியானோவைப் பூட்டித்தான் வைப்பாங்க. இந்த வார்த்தைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது எனக்குத் தெரியாது. முந்தாநாள்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். என் வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, எதிரே நாற்காலியைக் காட்டினார். மூன்று கட்டத்தையும் நானே நிரப்பிக் கொடுத்தேன்.

போட்டி நாளில் மிஸ், நான், மூன்று பிள்ளைகள், லீவு போட்டுவிட்டு வந்த கலியபெருமாள் அண்ணன் எல்லோரும் போனோம். நடுவர் நரைத்த தலையுடைய ஓர் அம்மாள். ரவி வாசித்தான். நடுவே ஓரிடத்தில் 'ம்' என்றான். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வசந்தி வாசித்தாள். அவளும் நாலைந்து இடங்களில் 'ம்' என்றாள். மிஸ் என் கையை இறுகப் பிடித்தார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. மெட்ராஸ் பியானோவில் எல்லாக் கட்டையும் பேசும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

மல்லிகாவின் துண்டில் அந்த ஸ்வரம்தான் அதிகம். கட்டையும் பேசியது, அவளும் பேசினாள். முடித்ததும் நடுவர் பேனாவை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார். "ஏம்மா, மூணு பேரும் ஒரே ஸ்வரத்துல மட்டும் பாடுறீங்களே, ஏன்?"

"அந்தக் கட்ட எங்க ஊர்ல பேசாதுங்க" என்றாள் மல்லிகா. "நாங்கதான் பேசிகினு இருக்கோம்."

ஹாலே சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. மேடையேறி அந்தக் கட்டையைத் தானே ஒருமுறை அழுத்தினார். "நீ பாடினது சரியா இதேதான்" என்று சொல்லிவிட்டு வந்து நெடுநேரம் எழுதினார்.

பரிசு இல்லை. வாசிக்கும்போது குரல் கொடுத்ததற்காக மூவருக்கும் மதிப்பெண் குறைந்திருந்தது. ஆனால் மல்லிகாவின் தாளின் அடியில் இப்படி இருந்தது: 'இந்தக் குழந்தைகளுக்கு நல்ல காது இருக்கிறது. அவர்களுடைய பியானோவில் ஒரு ஸ்வரம் இல்லை. பொறுப்பில் உள்ளவர்கள் அதைச் சரிசெய்து, மறுவருடமும் இவர்களை அனுப்ப வேண்டும்.'

செயலாளர் படித்துவிட்டு, "மார்க் வாங்கிட்டு வருவீங்கன்னு பார்த்தா கம்ப்ளெயின்ட் வாங்கிட்டு வந்திருக்கீங்களே மேடம்" என்றார்.

"கம்ப்ளெயின்ட் எங்க மேல இல்லயே சார். பியானோ மேலதான" என்றார் மிஸ்.

அன்று மாலை அந்தத் தாளை இணைப்பாக வைத்து நான் ஒரு குறிப்பு எழுதி ஃபைலில் ஏற்றினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஃபைலில் ஏறிவிட்ட ஒன்றைப் 'பார்ப்போம்' என்று விட முடியாது. ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். செயலாளர் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் மெட்ராஸிலிருந்து ஆள் வந்து இரண்டு நாள் தங்கிச் சரிசெய்தார். டேபிள் டென்னிஸ் வராந்தாவுக்குப் போயிற்று. பிள்ளைகள் மட்டும் பல வாரங்களுக்கு 'ம்' சொல்வதை விடவில்லை. "அது இப்பப் பேசுதுலா. நீ சும்மா இரேன்" என்று மிஸ் சொல்லும் குரல் ஆபீஸ்வரை கேட்கும்.

கணவர் ரிட்டையர் ஆனதும் மிஸ் ஊருக்குப் போனார். அதற்குள் ஏழு முறை நம் பிள்ளைகள் மெட்ராஸ் போய் வந்திருந்தார்கள். மல்லிகா இப்போது கடலூரில் கல்லூரியில் படிக்கிறாள். வகுப்பை வசந்தி எடுக்கிறாள்.

போன செவ்வாயும் நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வசந்தியிடம் செய்தியைச் சொன்னேன். வெளியே போய் முகம் கழுவி வந்து, வகுப்பைத் தொடங்கினாள். இந்த வருடம் ஒன்பது பேர் போகிறார்கள். ஆபீசில் உட்கார்ந்து படிவங்களை நிரப்பினேன். புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். அதிலிருந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை.

கோமதி மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றுதான். படிவத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். வாசித்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பெண் திரும்பினாள்.

"இதுகூடத் தெரியாதா ஆன்ட்டி?"

"தெரியாது. நீ சொல்லு" என்றேன்.